பதினொரு வாரமாக அதே 69.5: எடை ஏன் அசையவில்லை?

கேள்வி: எனக்கு வயது 48, ஊர் குடியாத்தம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். காலை 7 மணிக்கு வேன் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி 7 ஆகிவிடும். உயரம் 156 செ.மீ. பொங்கல் முடிந்த கையோடு சாப்பாட்டைக் குறைத்து, நடக்கவும் ஆரம்பித்தேன். 78 கிலோ இருந்தவள், வைகாசி பிறப்பில் எங்கள் ஊரில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குள் 69.5-க்கு வந்துவிட்டேன். அதோடு சரி. பதினொரு வாரமாக 69-க்கும் 70-க்கும் நடுவிலேயே நிற்கிறது. இத்தனைக்கும் அதே சாப்பாடு, அதே நடைதான். தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரையும் பிரஷருக்கு ஒரு மாத்திரையும் காலை 6 மணிக்குக் காபியோடு போட்டுக்கொள்கிறேன். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. மெட்டபாலிசம் செத்துவிட்டதா? ராத்திரிச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிடட்டுமா? கூட வேலை செய்கிறவர்கள் ஒரு மூலிகைப் பொடி சொல்கிறார்கள், டாக்டர் வீட்டம்மா ஒருவர் ஊசி என்கிறார். கொள்ளு ரசம் தினமும் குடித்தும் கொழுப்பு கரையவில்லை. கல்யாணத்தின்போது இருந்த 52 கிலோ வராவிட்டாலும் 55-க்காவது வர முடியுமா? ஆடி மாதம் கோயில் கூழ் குடிக்கலாமா?

பதில்: தை மாதத்தில் எழுதிய சாப்பாட்டுப் பட்டியலையும் இப்போதையதையும் சேர்த்தே அனுப்பியிருந்தது நல்லதாயிற்று. "அதே சாப்பாடு" என்று கடிதம் சொல்கிறது. பட்டியல்கள் அப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மெட்டபாலிசம். நாற்பதைத் தாண்டினால் உடம்பு எரிப்பதை நிறுத்திவிடும் என்பது ஊரெல்லாம் பரவிய பேச்சு. 2021-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் அதிகமானவர்கள் ஒரு நாளில் செலவிடும் சக்தியை அளந்து பார்த்தது. உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. நடு வயதில் குறைவது தசை, குறைவது அசைவு. மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்தில் ஹார்மோன் மாறுவதால் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறும். உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான். ஆனால் 69.5-இல் நிற்பதற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. உடம்பு சும்மா படுத்திருந்தாலும் செலவாகும் கலோரியை எடை, உயரம், வயது மூன்றையும் வைத்துச் சுமாராகச் சொல்லலாம். 78 கிலோவில் உங்களுக்கு அது ஏறக்குறைய 1,350. இப்போது 1,270. அன்றாட நடமாட்டத்தையும் சேர்த்தால் அப்போது ஒரு நாள் செலவு 1,900-க்குப் பக்கம், இப்போது 1,780-க்குப் பக்கம். அதாவது, எட்டரை கிலோ இறங்கியதற்காகவே உங்கள் உடம்புக்குத் தினம் 120 கலோரி குறைவாகப் போதும். இளைத்த உடம்பு இதற்கு மேலும் 50, 100 என்று சிக்கனம் பிடிக்கும். நடக்கும்போது தூக்கிச் செல்லும் பாரம் குறைந்துவிட்டதால் அதே தூரத்துக்கு முன்னளவு எரிவதும் இல்லை.

தை முதல் சித்திரை வரை வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கியது என்றால், முதல் மாதத்தில் போன தண்ணீரைக் கழித்துவிட்டாலும், தினம் 500 கலோரி துண்டு விழுந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். அந்த 500-இல் பாதியை இளைத்த உடம்பே மிச்சம் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதி எங்கே போனது என்பதைத்தான் உங்கள் பட்டியல் காட்டுகிறது.

தை மாதப் பட்டியலில் "சாதம் 1 கப், தலை தட்டி" என்று இருக்கிறது. இப்போதையதில் "சாதம், கண்ணளவு". கண்ணளவு வளரும். யாருக்கும் வளரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதிய டிபன் பாக்ஸில் 200 கிராம் சாதம் இருந்த இடத்தில் 280 கிராம் போவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதில் 100 கலோரி கூடிவிடும். அடுத்து, சாயந்திரம் வேனில் வரும்போது "பசிக்கு ஒரு பிடி மல்லாட்டை", அதாவது வேர்க்கடலை. இது பழைய பட்டியலில் இல்லை. டீக்கடை பன்னுக்குப் பதிலாக ஆரம்பித்திருக்கிறீர்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் தோல் நீக்கிய மல்லாட்டை 30 கிராமில் 170 கலோரி இருக்கிறது. பொட்டலம் மடியில் இருக்க, பேச்சு வாக்கில் கை இரண்டாவது தடவை போனால் 340. குடியாத்தம் வந்து சேர்வதற்குள் அன்றைய துண்டு அடைபட்டுவிடும்.

நடையிலும் அதே கதைதான். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொட்ட நாட்களில் யாரும் வேகமாக நடந்திருக்க முடியாது. அப்போது குறைந்த வேகம் மழை பெய்த பிறகும் திரும்பவில்லை. "தோழியோடு பேசிக்கொண்டே 45 நிமிடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். முழு வாக்கியமாகச் சிரமமில்லாமல் கதை பேச முடிகிறதென்றால் அது உலாத்தல். பேசலாம், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். ஒரு கிலோமீட்டரை 12 நிமிடத்தில் கடந்தால் சரியான வேகம். குறைத்துச் சாப்பிடும் உடம்பு இன்னொரு வேலையும் செய்யும்: நமக்குத் தெரியாமலே உட்கார வைக்கும். லைனில் நின்று பார்த்த இடத்தில் ஸ்டூல் வரும், மாடிக்குத் தானே போகாமல் பையனை அனுப்பத் தோன்றும். இதனாலேயே ஒரு நாளைக்கு 100 கலோரி வரை எரிவது குறைந்துவிடும்.

ஆக, 69.5 கிலோ ஆளுக்கு என்ன செலவோ ஏறக்குறைய அதையே இப்போது சாப்பிடுகிறீர்கள். உடம்பு அடம் பிடிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது இதற்கு மருந்தல்ல. காலை ஏழு முதல் மாலை ஏழு வரை வேலை, வேன், வெயில் என்று போய்விட்டு வெறும் வயிற்றோடு படுத்தால் பத்து மணிக்கு மிக்சர் டப்பா திறக்கும். திறக்காமல் சாமர்த்தியமாக இருந்துவிட்டால் அது இன்னும் மோசம். புரதம் இல்லாமல் பட்டினி போட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். 48 வயதில் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது, கொழுப்பைக் குறைப்பதைவிடக் கடினம். முட்டிவலிக்கும், நாளைக்குத் தடுக்கி விழுந்தால் உடையும் எலும்புக்கும் காவல் அந்தத் தசைதான். எனவே உங்களுக்கு நான் சொல்லப்போவது இன்னும் குறைப்பது அல்ல. அளப்பது, புரதத்தைக் கூட்டுவது, பாரம் தூக்குவது. 1,200 கலோரிக்குக் கீழே நீங்களாக இறங்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு கிச்சன் தராசு வாங்குங்கள், 1 கிராம் வரை காட்டுவதாகப் பார்த்து. தட்டில் விழுவதை எல்லாம் நிறுத்து, ஒரு சின்ன நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். ருசி பார்த்த குழம்பு, பேரப்பிள்ளையோ அக்கம்பக்கத்துப் பிள்ளையோ மிச்சம் வைத்த பிஸ்கட், கேன்டீன் டீ, கோயில் பொங்கல் எல்லாம் அதில் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள், அந்த நோட்டில் முக்கியமான பக்கமே அதுதான். இட்லி ஒன்றை நிறுத்துப் பாருங்கள். தட்டுக் குழியின் அளவைப் பொறுத்து ஒன்று 35 கிராமும் இருக்கும், 60 கிராமும் இருக்கும். "மூணு இட்லி" என்பதற்குள்ளே இவ்வளவு வித்தியாசம். இட்லியைவிட அதன் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள்: மூன்று பெரிய கரண்டி தேங்காய்ச் சட்னி 100 கலோரியைத் தாண்டும், அது இரண்டு இட்லிக்குச் சமம். மல்லாட்டைச் சட்னி அதற்கும் மேல்.

வெயிட் மிஷினை வாரம் ஒருமுறை பார்ப்பதால்தான் மனம் உடைகிறது. வாரம் நான்கைந்து நாள் பாருங்கள்: எழுந்து, கழிவறை போய்விட்டு, காபிக்கு முன்னால், மெல்லிய உடையில். மிஷின் பாய் மேலோ மேடு பள்ளமான தரையிலோ இல்லாமல் சிமெண்டுத் தரையில், தினமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வந்த எண்களைக் கூட்டி நாட்களால் வகுத்தால் அந்த வாரத்து எடை. ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்ட மறுநாள் முக்கால் கிலோ கூடும். மாதவிலக்கு வருவதற்கு முன்னால் ஒரு கிலோ வரை கூடும். உங்களுக்கு அது எப்போது வரும் என்றே தெரியாத நிலையில், ஒற்றை எண்ணை நம்பினால் ஏமாற்றம்தான்.

இடுப்பளவையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் தோலை அழுத்தாமல். புடவை கட்டும் இடம் வேறு, இது வேறு. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு மேல் போனால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடும் என்பது கணக்கு. நீங்கள் 94 என்று எழுதியிருக்கிறீர்கள். எடை நின்றுகொண்டிருக்கும்போதே இடுப்பு இரண்டு செ.மீ. இறங்கினால் சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள்.

மூன்றாவது வாரத்தில் மாற்றத்தை ஆரம்பிக்கலாம். எண்ணெயிலிருந்து ஆரம்பிப்பேன், ஏனென்றால் அதில்தான் பசி தெரியாமல் குறைக்க முடியும். நாலு பேர் வீட்டில் மாதம் ஐந்து பாக்கெட் எண்ணெய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் பெரும்பாலும் 910 கிராம் என்று அச்சிட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். ஐந்து பாக்கெட்டை நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் பிரித்தால் ஆளுக்குத் தினம் 38 கிராம், அதாவது 340 கலோரி. நெய், தேங்காய், கடையில் தின்ற வடை இதில் சேரவில்லை. மாதம் மூன்று பாக்கெட்டாக்கினால் ஆளுக்கு 23 கிராமுக்கு வரும், தினம் 135 கலோரி மிச்சம். பாட்டிலிலிருந்து சாய்த்து ஊற்றும் வரை இது நடக்காது. மாத முதல் தேதி மூன்று பாக்கெட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வாணலியில் ஸ்பூனால் அளந்து விடுங்கள். 5 மில்லி ஸ்பூன் ஒன்றுக்கு 40 கலோரி. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் மிதக்க விடாமலும் வதக்க முடியும்: ஆவியில் முக்கால் வேக்காடு வேகவைத்து, இரும்புச் சட்டியில் இரண்டு ஸ்பூன் எண்ணெயில் மசாலாவோடு சுருட்டி எடுங்கள். ருசியில் கொஞ்சம் குறையும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அடுத்து புரதம். உங்கள் பட்டியலைக் கூட்டினால் நாளைக்கு 40 கிராமுக்குச் சற்று மேல் வருகிறது. உங்களுக்கு 70 வேண்டும், கிலோவுக்கு ஒரு கிராம் என்ற கணக்கு. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் இந்த அளவு பொருந்தாது. பிரஷர் இருப்பதால் ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். காலையில் இரண்டு முட்டை 12 கிராம். மூன்று இட்லியும் கெட்டி சாம்பாரும் சேர்ந்து 10. மதியம் 200 கிராம் சாதத்தோடு, வேகாத எடையில் 50 கிராம் கொண்டைக்கடலையோ கொள்ளோ சுண்டலாக, 150 கிராம் தயிர்: மூன்றும் சேர்ந்து 20. வேனில் மல்லாட்டைக்குப் பதிலாக ஒரு அவித்த முட்டையும் ஒரு டம்ளர் மோரும், அல்லது வீட்டிலேயே 20 கிராம் நிறுத்துக் கட்டிய மல்லாட்டை. பொட்டலத்தை வேனில் பிரிக்காதீர்கள், டப்பாவில் அளவோடு எடுத்துப் போங்கள். அதில் ஒரு 6. ராத்திரி இரண்டு சப்பாத்தி, உடன் 100 கிராம் மீன் அல்லது தோல் நீக்கிய கோழி, சைவ நாளில் 25 கிராம் சோயா உருண்டை ஊறவைத்துக் குருமாவாக. சப்பாத்தியோடு சேர்த்து 19-லிருந்து 25.  எழுதியிருப்பதைவிட வயிறு நிறைவாகவே இருக்கும்.

கொள்ளு ரசத்தைப் பற்றி. "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொன்னவர்கள் கொள்ளைத் தின்னச் சொன்னார்கள். வேகவைத்த தண்ணீரை மட்டும் வடித்து ரசம் வைத்துவிட்டு, கொள்ளை மாட்டுக்குப் போட்டால் புரதமும் நாரும் மாட்டுக்குத்தான் போகும். ரசம் வையுங்கள், கொள்ளையும் சுண்டலாகத் தின்னுங்கள். கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதற்கும் கிடையாது. பசியை அடக்கும் சக்தி கொள்ளுக்கு உண்டு. கேழ்வரகுக்கும் இதே பேச்சு பொருந்தும். களியும் கேழ்வரகு தோசையும் நல்லவை, சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவு 320 கலோரி, அரிசி 350. "கேழ்வரகுதானே" என்று ஒரு உருண்டை கூடப் போட்டுக்கொண்டால் வித்தியாசம் தீர்ந்துபோகும். காலையில் குடிக்கும் தேன் எலுமிச்சைத் தண்ணீரில் தேனை விட்டுவிடுங்கள். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். காபி, டீ நான்குக்கும் சேர்த்து எட்டு ஸ்பூன் போடுகிறீர்கள்: 160 கலோரி. பாதியாக்குங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

பிரியாணியை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆம்பூரில் வேலை பார்க்கிறவரிடம் அப்படிச் சொல்வதும் நடக்கிற காரியமில்லை. ஒரு பிளேட் 400 கிராம் இருந்தால் 650 முதல் 750 கலோரி வரை போகும். மதியம் ஒரு வேளை என்றால் வாரத்துக் கணக்கு தாங்கும். தாங்காதது, மிச்சத்தை ராத்திரி சூடு பண்ணிச் சாப்பிடுவதும் சாயந்திரம் வந்த மக்கன் பேடா இனிப்பும். ஆறு நாள் தினம் 250 வீதம் மிச்சம் பிடித்த 1,500-ஐ ஒரே ஞாயிறு தின்றுவிடும். உங்கள் நோட்டில் இது தெரியவரும் என்று நினைக்கிறேன். பிளேட்டில் கறித் துண்டு இரண்டு கூட, சோறு மூன்றில் ஒரு பங்கு குறைய, வெங்காயத் தயிர்ப் பச்சடி நிறைய. மிச்சத்தை வீட்டில் வைக்காதீர்கள், மச்சினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

இனி பாரம் தூக்குவது. நடை மட்டும் தசையைக் காக்காது. வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஜிம் வேண்டாம், ஒரு கையில்லாத மர நாற்காலியும் இரண்டு ஐந்து லிட்டர் கேனும் போதும்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, கைகளை மார்பில் மடக்கி எழுந்திருங்கள். எழுந்த வேகத்தில் தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெல்ல உட்கார வேண்டும். இறங்கும்போதும் தசைக்கு வேலை உண்டு, பலரும் அதைத்தான் வீணாக்குகிறார்கள். 10 தடவை, ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. முட்டி வலித்தால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அடுத்து சுவரில் கை ஊன்றி, உடம்பை ஒரே பலகையாக வைத்து நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளுவது, அதே 10 வீதம் மூன்று சுற்று. சுலபமானதும் சுவரிலிருந்து சமையல் மேடைக்கு இறங்குங்கள். மூன்றாவதாக, ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையில் தண்ணீர் கேனை முழங்கை பின்னால் போகும்படி இடுப்பு வரை இழுப்பது, பக்கத்துக்கு 10. கேனில் முதலில் 3 லிட்டர் ஊற்றுங்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ. கடைசியாக, இரண்டு கையிலும் கேனைத் தொங்கவிட்டு நிமிர்ந்து மாடியில் ஒரு நிமிடம் நடப்பது, மூன்று தடவை.

ஒவ்வொரு சுற்றிலும் "இன்னும் இரண்டு போட முடியும்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் 12 சுலபமாக வந்தால் அடுத்த முறை ஒரு லிட்டர் கூட்டுங்கள். பாரத்தைக் கூட்டாமல் ஆறு மாதம் அதே 3 கிலோவைத் தூக்கினால் உடற்பயிற்சி என்ற பெயர்தான் மிஞ்சும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள், பிரஷர் ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் மிஷின் அரைக் கிலோ, ஒரு கிலோ கூடக் காட்டலாம். வலித்த தசையில் நீர் கோக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் பயந்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நடையை 30 நிமிடமாகக் குறைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுங்கள். தோழியைக் கூட்டிக்கொண்டே போங்கள், பேச்சைத் திரும்பி வரும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் மதியச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம் ஷெட்டைச் சுற்றுவது சர்க்கரைக்கும் நல்லது.

மாத்திரை விஷயம் தனி. தைராய்டு மாத்திரையைக் காபியோடு போட்டால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. எழுந்ததும் வெறும் தண்ணீரில் அதை மட்டும் போடுங்கள். காபிக்கும் அதற்கும் நடுவே முக்கால் மணி நேரமாவது வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. சோயா ராத்திரி என்பதால் பிரச்சினை இல்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் எடுத்த டி.எஸ்.எச். (தைராய்டு இரத்தப் பரிசோதனை) இப்போது உதவாது. மாத்திரை நேரத்தை மாற்றி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அளவு கூடினாலும் அதனால் கிலோ கிலோவாக இறங்கிவிடாது, களைப்பு குறையும், நீர் கொஞ்சம் வடியும். கூடவே எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) பார்த்துவிடுங்கள். எட்டரை கிலோ இறங்கியபின் அதே பிரஷர் மாத்திரை சற்று அதிகமாகவும் ஆகலாம்: எழுந்தால் தலை சுற்றினால் நீங்களாக நிறுத்தாமல் போய்க் காட்டுங்கள். பலத்த குறட்டை, பகலில் வேனில் அடித்துப் போட்ட தூக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சடைப்பு இருப்பவர்களுக்குப் பசியும் எடையும் பிடிபடாது. ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்குகிறேன் என்றிருக்கிறீர்கள். சீரியலில் ஒன்றை விட்டு அரை மணி நேரமாவது முன்னால் படுங்கள்.

மூலிகைப் பொடி வேண்டாம். இப்படிப் பொட்டலமாக விற்பவற்றில் நிலாவாரை போன்ற பேதிச் சரக்கு கலந்திருப்பது சாதாரணம். இரண்டு கிலோ குறைந்தது போலக் காட்டும், போனது தண்ணீரும் உப்பும். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கி மயக்கம் வரலாம். ஊசி வேறு விஷயம். எடை குறைக்கும் மௌன்ஜாரோ போன்ற ஊசிகள் 2025 முதல் நம் நாட்டிலும் கிடைக்கின்றன. பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 27-க்கு மேல் இருந்து பிரஷர் போன்ற கோளாறும் இருப்பவர்களுக்கு மருத்துவர் யோசிப்பதுண்டு. உங்களுடையது 28.6, ஆகவே கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஊசியிலும் எடை ஒரு கட்டத்தில் நிற்கும். புரதமும் பாரமும் இல்லாவிட்டால் தசையும் போகும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் போன எடை திரும்ப ஏறுகிறது. மேலே சொன்னதை மூன்று மாதம் செய்துவிட்டு அந்தப் பேச்சை எடுக்கலாம்.

எவ்வளவு இறங்கும்? தினம் 250 கலோரி துண்டு விழுந்தால் மாதம் ஒரு கிலோ. தை, மாசியில் இருந்த வேகம் வராது. நான்கு வாரத்துச் சராசரியில் அசைவே இல்லையென்றால் மதியச் சாதத்தில் 50 கிராம் குறையுங்கள், வேறெதையும் தொட வேண்டாம். மனம் அலுத்துவிட்டால் இரண்டு வாரம் இறக்கும் எண்ணத்தை விட்டு, அதே எடையில் நிறுத்திவையுங்கள். அளப்பதையும் பாரத்தையும் மட்டும் விடாதீர்கள். தீபாவளி வாரத்தை அதற்கென்றே ஒதுக்கிக்கொள்ளலாம்.

55 கிலோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஏற்கெனவே 11 சதவீதம் இறக்கியிருக்கிறீர்கள், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பெரிய பலன் அந்த 5 முதல் 10 சதவீதத்திலேயே கிடைக்கத் தொடங்கிவிடும். அடுத்த படி 66 கிலோ, இடுப்பு 90. அங்கே மூன்று மாதம் நின்று பிடித்துவிட்டு அதற்கடுத்ததைப் பேசலாம். கல்யாணத்தின்போது இருந்த எடை இருபது வயதுப் பெண்ணுடையது.

ஆடிக் கூழ் தாராளமாகக் குடியுங்கள். 250 மில்லி டம்ளர் ஒன்றில் கேழ்வரகும் நொய்யும் சேர்ந்து 40 கிராம் இருந்தால் 140 கலோரி. காலை இட்லிக்கு மேல் இல்லாமல், இட்லிக்குப் பதிலாக. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையை நிறையப் போட்டுக்கொள்ளுங்கள். கருவாட்டுக் குழம்பில் உப்பு அதிகம், பிரஷர் இருப்பதால் இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். மறுநாள் காலை மிஷின் அரைக் கிலோ கூடக் காட்டும். அது உப்புக்குச் சேர்ந்த தண்ணீர், மூன்றாம் நாள் போய்விடும்.